மகாராஜாவின் மாமியார் கோலியர்ஸ் வுட்டில்

போன மாதம் அக்காவின் மருமகன் வந்து, எங்கள் வீட்டுத் தொலைக்காட்சிக்குப் பின்னால் தீப்பெட்டி அளவில் ஒரு கறுப்புப் பெட்டியைச் செருகினார். உலகத்தில் உள்ள தமிழ்ப் படம் எல்லாம் இதற்குள் வரும் என்றார். குனிந்து பார்த்தேன். ஓர் எறும்பு உட்காரக்கூட இடம் இல்லை.

"அப்ப முந்தி நீங்கள் என்ன வேலைதான் செய்தனீங்கள் மாமா?"

"கொப்பி அடிச்சனான்."

"எத்தினை வருஷம்?"

"பதினாலு."

"சோதினையிலை ஒரு வரி அடிச்சதுக்கே என்னை வகுப்பை விட்டுக் கலைச்சவங்கள். உங்களை ஒருத்தரும் பிடிக்கேல்லையோ?"

ஒரே ஒரு முறை பிடிபட்டேன். பிடித்தது பொலிஸ் இல்லை, ஒரு மகாராணி. அதை அவருக்குச் சொல்லத் தொடங்கினேன். அவருடைய கைத்தொலைபேசி அடித்தது, எழுந்து போய்விட்டார். ஐம்பத்தாறு வயதில், முதுகெலும்பு என்னைவிட முந்தி ஓய்வு கேட்டுவிட்டதால் வீட்டில் இருக்கிறேன். சொல்ல ஆள் இல்லாவிட்டால் எழுத வேண்டியதுதான்.

தொழில் பழகிய காலத்தை ஒரு மூச்சில் முடித்துவிடலாம். எண்பதுகளின் நடுவில் ஹீத்ரோவில் இறங்கினேன். ஆறு மாதம் பெற்றோல் செட்டில் கண்ணாடிக்குப் பின்னால் நின்று, வெள்ளைக்காரரின் கோபத்தை ஒரு ஓட்டை வழியாக வாங்கி, மிச்சக் காசை அதே ஓட்டை வழியாகக் கொடுத்தேன். அலுத்தது. டூட்டிங்கில் பலசரக்குக் கடைக்கு மேல்மாடியில் இருந்த தமிழ் வீடியோக் கடையின் படியேறினேன். எட்டு மெஷின், ஒரு சன்னல், கீழேயிருந்து ஏறிவரும் கறிவேப்பிலை வாசம். மழை அந்தச் சன்னலில் தன்னைப் பதிந்துகொண்டே இருக்கும்; திரும்பப் போட்டுப் பார்க்க யாரும் இல்லை. இரண்டு கிழமையில் வேலை கைவந்துவிட்டது.

கடைக்காரர் தில்லையம்பலம் அண்ணை. இலங்கைப் புகையிரதத்தில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தவர். கலவரத்தோடு உத்தியோகம் போனது. உத்தியோகத் தோரணை அவருடனேயே விமானம் ஏறி வந்துவிட்டது. குளிரோ வெயிலோ, வெள்ளைச் சட்டை, கறுப்புக் கழுத்துப்பட்டி. கசெட்டை அவர் கசெட் என்று சொன்னதில்லை. வண்டி. ஒரு பெரிய பதிவேடு வைத்திருந்தார். வாடகைக்குப் போனால் 'புறப்பட்டது' என்று பச்சைப் பென்சில். திரும்பினால் 'வந்து சேர்ந்தது' என்று நீலம். சொன்ன நாளில் வராவிட்டால் 'பிந்தி' என்று சிவப்பு. அந்தச் சிவப்பை ஆள் கண்முன்னே, ஒவ்வோர் எழுத்தாக, உதட்டை அசைத்துக்கொண்டு எழுதுவார். பிந்தியவர்கள் தண்டம் கட்டியிருந்தால் இதைவிட நிம்மதியாக இருந்திருக்கும்.

"அண்ணை, புதுப் படம் வந்திட்டுதோ?" என்று யாராவது கேட்பார்கள்.

"சிங்கப்பூரிலை இருந்து வெளிக்கிட்டிட்டுது. வெள்ளிக்கிழமை பின்னேரம் நாலரை. இடையிலை சுங்கம் எண்டொரு ஸ்டேஷன் இருக்கு. அங்கை எவ்வளவு நேரம் நிக்குமெண்டு என்னாலை சொல்ல ஏலாது."

சிங்கப்பூரிலிருந்து வருவது தாய் கசெட். அதிலிருந்து நான் எடுப்பது பிள்ளை. தாய் அறுந்துபோனால் பிள்ளையிலிருந்து எடுப்பது பேத்தி. ஒவ்வொரு தலைமுறைக்கும் முகம் கொஞ்சம் கரையும். பேத்தியில் கதாநாயகனும் வில்லனும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள். மீசையை வைத்துத்தான் யாரைத் திட்டுவது என்று தீர்மானிக்க வேண்டும்.

தாய் கசெட்டுகள் இரும்பு அலுமாரிக்குள் இருந்தன. அவை வெளியே போகக் கூடாது. கசெட்டின் முதுகில், இடது ஓரத்தில், சின்னப் பிளாஸ்டிக் பல் ஒன்று உண்டு. அதை நெம்பி உடைத்துவிட்டால் அதில் மேற்கொண்டு எதையும் பதிய முடியாது. பல் உடைப்பதுதான் நான் பழகிய முதல் வேலை. ஆனால் அந்த ஓட்டையில் ஒரு துண்டு செலோடேப் ஒட்டினால் மறுபடி பதியலாம். இதை எங்கள் சனத்துக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. பாஸ்போர்ட்டை வெட்டியும் ஒட்டியும் நாலு நாட்டு எல்லை தாண்டி வந்தவர்களுக்குச் செலோடேப் ஒரு தடையா? வாடகைப் படங்கள் விதவிதமாகத் திரும்பி வரும். நீதிமன்றக் காட்சியில் கதாநாயகி வாயைத் திறக்க, கோயில் கொடியேற்றம் தொடங்கும். தாய் சாகும் இடத்தில் மல்யுத்தம். 'அவசரத்துக்குக் கையிலை வேறை கசெட் இருக்கேல்லை' என்பார்கள், அதுவே பெரிய நியாயம் என்பதுபோல.

அதனால் அண்ணை ஒரு சட்டம் வைத்தார். திரும்பிய ஒவ்வொரு கசெட்டையும் தொடக்கத்தில், நடுவில், கடைசியில் ஓடவிட்டுப் பார்க்க வேண்டும். 'மூண்டு இடத்திலை நாடி பாரும்' என்பார். பார்ப்பேன். ஒரே ஒரு வெள்ளிக்கிழமை, கடை நிறையச் சனம், நடு நாடியைப் பார்க்காமல் விட்டேன். அது தாய் கசெட். அதை வெளியே கொடுத்தவனும் நான்தான். கோலியர்ஸ் வுட் பொன்னுத்துரை அண்ணையின் மனைவி, 'எங்கடை மாமி யாழ்ப்பாணத்திலை இருந்து கிளாலிக் கடல் தாண்டி வந்திருக்கிறா தம்பி, இந்தப் பழைய படம் ஒண்டைத்தான் கேக்கிறா' என்று கண் கலங்கினார். கொடுத்துவிட்டேன். அலுமாரியில் திரும்ப வைத்தபோது, முதுகில் ஒரு செலோடேப் துண்டு மினுங்கியதைக் கண்டேன். உரித்து எறிந்துவிட்டு மறந்துபோனேன்.

அந்தப் படம் 'உப்புக்காரி மகள்'. கறுப்பு வெள்ளை. கதாநாயகி விஜயலோசனி.

விஜயலோசனியை இப்போது யாருக்கும் தெரியாது. அப்போதே பாதிப் பேருக்குத் தெரியாது. தெரிந்த மீதிப் பாதிக்கு ஒரே ஒரு செய்திதான் தெரியும்: பன்னிரண்டு படம் நடித்தார், மோர்கட் மகாராஜாவைக் கட்டிக்கொண்டு போனார். மோர்கட் வடக்கே ஒரு சமஸ்தானம். சைக்கிளில் காலையில் புறப்பட்டால் அதை ஒரு சுற்றுச் சுற்றி மத்தியானச் சாப்பாட்டுக்கு வீடு வந்துவிடலாம். பிறகு டில்லி அரசாங்கம் ராஜாக்களின் பட்டத்தையும் மானியத்தையும் பிடுங்கிக்கொண்டது. மகாராஜா கோபித்துக்கொண்டு லண்டனுக்கு வந்து, ஹைட் பார்க் பக்கத்தில் ஐந்தாம் மாடியில் அமர்ந்து, அங்கிருந்து யாரும் இல்லாத ராச்சியத்தை ஆண்டார். எங்கள் சனத்துக்கு அது போதும். ஓர் அரசாங்கத்துக்குப் பயந்து ஓடி வந்தவர்கள். ஆனால் ராசா என்று காதில் விழுந்தால் கை தானாகக் குவியும். 'எங்கடை தமிழ்ப் பிள்ளை ஒண்டு ராணியா இருக்குது' என்று இல்ஃபோர்டில் ஒரு கலியாண வீட்டில் ஒருவர் கண்ணீர் விட்டதை நான் பார்த்தேன். அவர் சொந்த மகளோடு எட்டு வருஷம் பேச்சில்லை.

ஒரு திங்கட்கிழமை கடைக்கு ஒருவர் வந்தார். மூன்று துண்டு சூட், கையில் குடை. மகாராஜாவின் அந்தரங்கச் செயலாளர் வரதராஜன் என்று அறிமுகம் செய்துகொண்டார். மெட்ராஸ்காரர்.

"மேடத்தோட படம் ஒண்ணு உங்ககிட்ட வாடகைக்கு ஓடறதாக் கேள்வி. மகாராஜா ஒரு விருந்துல கேள்விப்பட்டார். அதை அவர் வாங்கிக்க விரும்பறார். நகல் எதுவும் கடைல இருக்கக் கூடாது."

அண்ணை பதிவேட்டைத் திறந்து, மூக்குக்கண்ணாடியைத் துடைத்து, ஒரு வரியில் விரலை வைத்தார்.

"தாய் இருக்கு. நகல் ரெண்டு எடுத்தனாங்கள். ஒண்டை மெஷின் திண்டிட்டுது. மற்றது பிளேஸ்டோவிலை ஒருத்தரிட்டைப் போய் மூண்டு வருஷமாப் பிந்தி. கடையிலை நகல் இல்லை. ஆனா வாய்ப்பேச்சிலை நான் வண்டி அனுப்பிறதில்லை. கடிதம் வேணும்."

மறுநாளே கடிதம் வந்தது. மேலே இரண்டு யானை, நடுவில் ஒரு மயில், கீழே யாருக்கும் புரியாத மொழியில் ஒரு முழக்கம். அண்ணை அதை வெளிச்சத்தில் பிடித்து, நின்றபடியே இரண்டு முறை வாசித்தார். விலை எவ்வளவு என்று வரதராஜன் தொலைபேசியில் கேட்டபோது, கடிதத்தைத் தான் வைத்துக்கொள்ள அனுமதித்தால் போதும் என்றார். அதைச் சட்டம் போட்டு, லட்சுமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டினோம். லட்சுமியிடமும் இரண்டு யானைதான். தாமரைக்குப் பதில் இங்கே மயில். கசெட்டை வெள்ளிக்கிழமை வந்து எடுத்துக்கொள்வதாக ஏற்பாடு.

அன்று பின்னேரம் கடைத் தொலைபேசி அடித்தது. நான்தான் எடுத்தேன்.

"நான் விஜயலோசனி பேசறேன்," என்றது ஒரு பெண்குரல். ராணி என்று சொல்லவில்லை. "அந்தப் படத்தை அவர் வாங்கிப் பூட்டறதுக்கு முன்னாடி நான் ஒரு தடவை பாக்கணும். புதன்கிழமை அவர் குதிரைப் பந்தயத்துக்குப் போயிடுவார். கொண்டு வருவீங்களா தம்பி? முழுசா வேணாம். கல்யாண சீன் மட்டும் போதும்."

அண்ணையிடம் சொன்னேன். யோசித்தார்.

"ராசா வாங்க முன்னம் ராணி பாக்கிறதிலை பிழையில்லை. ஆனா வண்டி உம்மடை கையை விட்டுப் போகக்கூடாது, ரவீந்திரன். நீர்தான் இந்த வண்டிக்குக் கார்ட்."

திரையில் பன்னிரண்டு அடி உயரமாக நின்றவர், புதன்கிழமை கதவைத் திறந்தபோது என் தோளுக்குத்தான் வந்தார். காஞ்சிப் பட்டு, அதன்மேல் கம்பளிச் சட்டை, காலில் கம்பளிக் காலுறை. அரச வீட்டில் எங்கள் வாடகை அறையைவிடக் குளிர். சுவரில் ஒரு புலித்தலை. பூச்சி அரித்து ஒரு காது போயிருந்தது.

"உக்காருங்க. டீ நானே போட்டேன். இருக்கற வேலையாள் ஒருத்தர்தான். அவர் பந்தயத்துக்கு ராஜாவோட கோட்டைத் தூக்கிட்டுப் போயிருக்கார்."

மேசையில் ஒரு வெள்ளிப் பெட்டி இருந்தது. ஒரு புத்தகம் வைக்கலாம் போன்ற அகலம். நான் அதைப் பார்ப்பதை அவர் பார்த்தார்.

"பழைய ஃபிலிமை உருக்கினா வெள்ளி வரும், தெரியுமா? என் பதினோரு படத்தோட சுருளையும் தேடித் தேடி வாங்கி, உருக்கி, இதைச் செஞ்சு குடுத்தார். கல்யாணப் பரிசு. வெத்தலைப் பெட்டி."

"வெத்திலை போடுவீங்களோ அம்மா?"

"அதுவும் கூடாது. ராணி வெத்தலை போட்டா நடிகைன்னு எல்லாருக்கும் ஞாபகம் வந்துடுமாம்."

பன்னிரண்டாவது படத்தின் சுருளைத் தயாரிப்பாளர் ஒளித்துவைத்துச் சிங்கப்பூருக்கு விற்றுவிட்டார். அதுதான் என் பைக்குள் இருந்தது. பதினோரு படத்தை உருக்கிய மனிதருக்கு இந்த ஒன்று தொண்டையில் முள்ளாக இருந்திருக்கிறது. அதிலும் அவருடைய ராணி உப்பு விற்கிறார்.

"கல்யாண சீன் மட்டும் ஏன்னு கேக்கலையே நீங்க," என்றார். "ஆரத்தி எடுக்க வேண்டிய பொம்பளை அன்னிக்கு வரலை. எங்க அம்மா கூட்டத்துல நிக்கற துணை நடிகை. டைரக்டர் 'நீ வாம்மா'ன்னு கூப்பிட்டுட்டார். படத்துல என் கல்யாணத்துக்கு எங்க அம்மாதான் ஆரத்தி. நிஜக் கல்யாணத்துல வாசல்லயே நிறுத்திட்டாங்க. அப்புறம் நான்தான் ஆயான்னு சொல்லி உள்ள கூட்டிட்டுப் போனேன். பதினேழு வருஷம் அந்த வீட்ல ஆயா. மத்தவங்க முன்னாடி என்னை 'ராணி சாஹிபா'ம்பாங்க. அம்மா செத்தப்போ, ஒரு ஆயாவுக்காக ராணி அழறதான்னு எனக்குப் பவுடர் போட்டு விருந்துக்கு உக்கார வெச்சாங்க."

"படம் ஒண்டும் இல்லையோ?"

"ஆயாவை யாரு தம்பி போட்டோ எடுப்பாங்க."

கசெட்டைப் போட்டேன். உப்பளம். வெள்ளை மேடுகளுக்கு நடுவே தலையில் கூடையுடன் ஓர் இளம்பெண் நடந்து வந்தார், இடுப்பு காற்றோடு சண்டை பிடிக்க. பக்கத்து நாற்காலியில் இருந்தவர் உதடுகளை அசைத்து, ஒவ்வொரு வசனத்தையும் அந்தப் பெண்ணுக்கு அரை வினாடி முந்தியே சொல்லிக்கொண்டிருந்தார். ராஜா குதிரையில் வந்தார். உப்பை நக்கிப் பார்த்தார். காதலித்தார். கதையில் அவ்வளவுதான் காரணம். கல்யாணம் இடைவேளைக்கு முன்னால் வரும். பிற்பாதி முழுக்க அதற்கான தண்டனை.

மேளம் தொடங்கியது. அவர் நாற்காலியின் நுனிக்கு வந்தார்.

"இப்ப வருவாங்க. இடது பக்கத்துல இருந்து."

திரை ஒரு துள்ளுத் துள்ளியது. வெள்ளையும் கறுப்பும் உடைந்து, மஞ்சளும் சிவப்புமாகக் கொட்டியது. கோலியர்ஸ் வுட்டில் ஒரு மண்டபம். ஹீட்டரில் கட்டிய வாழைமரம், ஸ்டைரோஃபோமில் வெட்டிய மயில், அதற்கு மேலே பச்சை விளக்கில் வெளியேறும் வழிப் பலகை. நடுவில் பொன்னுத்துரை அண்ணையின் மூத்த மகள், பன்னிரண்டு வயது, தன் நிறையைவிடக் கூடிய சேலைக்குள் உட்கார்ந்திருந்தாள். சாமத்தியச் சடங்கு. பிள்ளை பெரியவளாகிவிட்டாள் என்று ஊரைக் கூட்டிச் சொல்லும் சடங்கு. அவளுக்கு முன்னால் அவள் தாய், பொன்னுத்துரை அண்ணையின் மனைவி, ஆராத்தித் தட்டோடு.

"அக்கா, கமெராவைப் பாத்துச் சுத்துங்கோ," என்றது படமெடுத்த தம்பியின் குரல். "என்னைப் பாக்காதையுங்கோ, கமெராவை."

"ரெண்டும் ஒண்டுதானேடா. நீதானே அதைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறாய்," என்றார் தாய்.

எழுந்து நிறுத்தப் போனேன்.

"விடுங்க," என்றார்.

பதினொரு நிமிஷம். கிளாலி மாமி பாதிப் படத்தில் தூங்கிவிட்டிருக்க வேண்டும். கசெட் கல்யாணக் காட்சியில் அப்படியே நின்றிருக்கிறது. மறுநாள் சடங்கில் தோள் கமெராவுக்குக் கசெட் இல்லாமல் போக, இதை உருவி, செலோடேப் ஒட்டிச் செருகியிருக்கிறார்கள். யாரோ புதுக் கசெட்டோடு ஓடி வரும்வரை ஓடியிருக்கிறது. பிறகு மறுபடி துள்ளல், மறுபடி கறுப்பு வெள்ளை. அரண்மனை. கழுத்தில் தாலியோடு உப்புக்காரி தூணில் சாய்ந்து அழுதுகொண்டிருந்தார்.

"கல்யாணம் முடிஞ்சிடுச்சு," என்றார் அவர். "இந்தத் தடவையும் அம்மாவை உள்ள விடலை."

மன்னிப்பு என்று ஏதோ சொன்னேன். அவர் என் தேநீர்க் கோப்பையை எடுத்துக்கொண்டு போய்க் கழுவத் தொடங்கினார்.

கடைக்குத் திரும்பி அண்ணையிடம் எல்லாம் சொன்னேன்: கொடுத்தது, பார்க்காமல் விட்டது, செலோடேப். அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் அழுதுவிட்டுப் போயிருப்பேன்.

"நடு நாடி பாத்தனீரோ எண்டு நான் அண்டைக்குக் கேட்டனான். நீர் ஓமெண்டனீர்."

"ஓம் அண்ணை."

"அந்த ஓம்தான் பிழை. பாக்காதது பிழையில்லை."

பதிவேட்டை எடுத்தார். 'உப்புக்காரி மகள்' வரியில், எந்த நிறப் பென்சில் என்று சற்று யோசித்து, சாதாரணக் கரிப் பென்சிலால் எழுதினார்: தடம் புரண்டது. பிறகு கோட்டை மாட்டிக்கொண்டார். பதிவேட்டைக் கக்கத்தில் வைத்தார்.

"வாரும். பிளேஸ்டோவுக்குப் போவம்."

பிளேஸ்டோவில் அந்த நகலை வைத்திருந்தவர் மன்னார்ப் பக்கத்துச் சூசைப்பிள்ளை. கதவைத் திறந்தவர் கழுத்துப்பட்டியையும் பதிவேட்டையும் கண்டு, கவுன்சிலில் இருந்து வந்திருக்கிறார்கள் என்று நினைத்து, "இஞ்சை நாங்கள் நாலு பேர்தான் இருக்கிறம்," என்றார். உள்ளே ஒன்பது பேரின் செருப்பு.

"வண்டி மூண்டு வருஷம் பிந்தி," என்றார் அண்ணை.

"எட, தில்லை அண்ணையே. பயந்து போனன். உள்ளுக்கு வாங்கோ, தேத்தண்ணியைக் குடிச்சிட்டு வண்டியைத் தேடுவம்."

அலுமாரிக்கடியில் இருந்து ஒரு பெட்டி நிறையக் கசெட் வந்தது. சூசைப்பிள்ளை ஒவ்வொன்றாக எடுத்து வாசித்தார். கால்பந்து. மடுத் திருவிழா. கால்பந்து. கடைசியில் பெயர் இல்லாத ஒன்றைத் தூக்கிப் பிடித்து முகம் வாடினார்.

"இதுதான் அண்ணை. பிழை விளங்காதேங்கோ. இதிலை மகள் மாதா கோயிலிலை முதல் நன்மை வாங்கினதைப் பதிஞ்சுபோட்டம். அவசரத்துக்கு..."

"கையிலை வேறை கசெட் இருக்கேல்லை," என்று முடித்தார் அண்ணை. கழுத்துப்பட்டியைத் தளர்த்தினார். அவர் அப்படிச் செய்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அந்த ஐந்தாம் மாடியில் ஒரு பெண், முகமில்லாத தன் தாயோடு குளிரில் இருப்பதை நான் நினைத்தேன்.

அடுக்களையிலிருந்து சூசைப்பிள்ளையின் மனைவி குரல் கொடுத்தார். "அது அதில்லையப்பா. முதல் நன்மை பதிஞ்சது சாமிப் படத்திலை. உப்புக்காரி மேசைக்குக் கீழையெல்லே."

குனிந்தோம். சாப்பாட்டு மேசையின் ஒரு கால் குட்டை. அதற்கடியில், மூன்று வருஷத்துச் சோற்றுப் பருக்கைகளுக்கு நடுவில், உப்புக்காரி மகள்.

"இதிலை ஏன் ஒண்டும் பதியேல்லை?" என்று கேட்டேன்.

"எடுத்தா மேசை ஆடுமே," என்றார் சூசைப்பிள்ளை, இதுகூடத் தெரியாதா என்பது போல.

அண்ணை அந்த வீட்டிலேயே மூன்று இடத்தில் நாடி பார்த்தார். நடுவில் இரண்டு முறை. பிறகு தன் பதிவேட்டிலிருந்து ஒரு மட்டையைக் கிழித்து, மடித்து, மேசைக்காலுக்குக் கீழே வைத்துவிட்டு எழுந்தார்.

வெள்ளிக்கிழமை வரதராஜன் குடையோடு வந்தார். அண்ணை தாய் கசெட்டை உறையில் போட்டு, அரக்கு வைத்து, மேசையில் வைத்தார்.

"உள்ளுக்கு என்ன இருக்கெண்டு ஒருக்காப் பாத்திட்டுக் கொண்டு போறியளோ?"

"மகாராஜா பாக்கறதுக்காக வாங்கலை சார். யாரும் பாக்கக் கூடாதுன்னுதான் வாங்கறார்."

"அப்ப சரி."

"நகல்?"

"கடையிலை இல்லை."

இல்லைதான். அது என் அறையில், தலையணைக்குக் கீழே இருந்தது. பொய் சொல்லாமல் ஏமாற்ற ரெயில்வேயில் முறையாகப் பழக்கியிருக்கிறார்கள். வரதராஜன் படியிறங்கியதும் பச்சைப் பென்சிலால் எழுதினார்: புறப்பட்டது. கோலியர்ஸ் வுட் சாமத்தியச் சடங்கு இப்படியாக ஹைட் பார்க்குக்குப் போய், இரண்டு யானையும் ஒரு மயிலும் காவல் நிற்க, அரச பெட்டகத்துக்குள் பூட்டப்பட்டது.

அடுத்த புதன்கிழமை மறுபடி அந்த ஐந்தாம் மாடி. இது பிள்ளை கசெட்தான். மேசையைச் சுமந்து பேத்தியாகிவிட்டிருந்தது. முகங்களில் பால் ஊற்றியது போல ஒரு படலம். மேளம் தொடங்கியது. இடது பக்கத்திலிருந்து ஒரு பெண் தட்டோடு வந்தார். கண் இல்லை, மூக்கு இல்லை. முகம் இருந்த இடத்தில் ஒரு வெளிச்சம். இதற்காகவா பிளேஸ்டோ வரை போனோம்?

"அதோ," என்றார் அவர்.

அந்தப் பெண் மூன்று சுற்றுச் சுற்றினார். பிறகு தட்டை வலக்கைக்கு மாற்றி, இடக்கையால் முந்தானையை எடுத்து இடுப்பில் செருகினார். சண்டைக்குப் போகிறவர் மாதிரி.

"டைரக்டர் வேணாம்னார். ராஜா வீட்டுக் கல்யாணத்துல இப்படியெல்லாம் செருகக் கூடாதும்மான்னார். கேக்கவே இல்லை." அவர் சிரித்தார். "முகம் எதுக்குத் தம்பி. போடுங்க திரும்ப."

ஒன்பது முறை போட்டேன். பத்தாவது முறைக்கு அவர் தானே பொத்தானை அழுத்தினார். போகும் நேரத்தில் கசெட்டைப் பைக்குள் வைக்கப் போனேன்; என் கை நின்றது. அவர் வெற்றிலைப் பெட்டியைத் திறந்து நீட்டினார். அளவெடுத்துச் செய்தது போல உள்ளே உட்கார்ந்தது. பதினோரு படத்தின் வெள்ளிக்குள் பன்னிரண்டாவது. அந்தப் பெட்டியை மகாராஜா ஒருநாளும் திறக்கமாட்டார். பரிசு கொடுத்தவர்கள் திறப்பதில்லை. அண்ணையிடம் வெறுங்கையோடு போனேன். அவர் கேட்கவில்லை. பதிவேட்டில் அந்த வரியில் மட்டும் நீலமும் இல்லை, சிவப்பும் இல்லை.

ஏழெட்டு வருஷம் போனது. மகாராஜா ஒரு புதன்கிழமை குதிரையொன்று பிந்திவந்த அதிர்ச்சியில் காலமானார். அவருடைய தம்பி மகன், சுவிட்சர்லாந்தில் படித்தவர், மோர்கட் அரண்மனையை ஹோட்டல் ஆக்கினார்; சாப்பாட்டு அறைக்குப் பக்கத்தில் ஓர் அருங்காட்சியகமும். ராணியம்மாவை ஹைட் பார்க்கிலிருந்து வேறொரு தெருவுக்கு, சின்ன ஃபிளாட்டுக்கு மாற்றினார்கள். அங்கே சூடாவது ஒழுங்காக இருந்தது. மாதத்தில் ஒருமுறை போவேன். கடை மூடுகிற கட்டத்தில் இருந்தது. சனம் சற்றலைட் டிஷ்ஷுக்குப் போய்விட்டது.

அப்படி ஒருநாள் நான் இருக்கும்போது தொலைபேசி அடித்தது. காது மந்தமானதால் அவர் எப்போதும் ஸ்பீக்கரில்தான் போடுவார். வரதராஜன். இப்போது அவர் தம்பி மகனிடம் செயலாளர்.

"மேடம், பெட்டகத்துல ஒரு டேப் கிடைச்சுது. பாதிதான் ஓடுது. அரண்மனையில டிவி வெச்சு விருந்தாளிகளுக்குக் காட்டலாம்னு இளவரசர் ஆசைப்படறார். கறுப்பு வெள்ளை எல்லாம் வேணாமாம். நடுவுல கலர்ல ஒரு சடங்கு வருதே, அது ரொம்ப அழகா இருக்காம். உங்க குடும்பத்துச் சடங்குதானே?"

அவர் என்னைப் பார்த்தார். நான் புலித்தலையைப் பார்த்தேன். அதுவும் கூடவே வந்திருந்தது.

"ஆமா," என்றார்.

"பலகையில பேர் எழுதணும். ஆரத்தி எடுக்கற அம்மா யாரு?"

"எங்க அம்மா."



"உங்க அம்மாவா மேடம்? இளவரசருக்கு அவங்க முகம்..."

"அவர் எங்க பாத்திருக்கப் போறார்? எழுதிக்குங்க வரதராஜன். ராணியின் தாயார். பெரிய எழுத்துல."

அதுதான் அவர்களுடைய அரண்மனை. பதினேழு வருஷம் அந்த வீட்டில் தட்டு ஏந்திய பெண்ணின் முகம் ஒருவருக்கும் ஞாபகம் இல்லை. ஆயாக்களின் முகத்தை யார் பார்த்தது.

தொலைபேசியை வைத்தபின் கேட்டேன். "அம்மா, உங்கடை அம்மா வாற கசெட் உங்களிட்டை இருக்கே. அதை அனுப்பலாமே. இப்ப ஒருத்தரும் மறுக்கமாட்டினம்."

அவர் வெற்றிலைப் பெட்டியின் மூடியைத் தடவினார்.

"எங்க அம்மா அந்த வீட்டுக்கு ஒரு தடவை போனது போதும் தம்பி."

பொன்னுத்துரை அண்ணையின் மனைவிக்கு இப்போது எழுபது தாண்டிவிட்டது. மகள் பல்வைத்தியர். கோலியர்ஸ் வுட் பஸ் தரிப்பில் அடிக்கடி காண்பேன். போன கிழமையும் கண்டேன். கையில் பை, பைக்கு வெளியே நீளமாக முருங்கைக்காய். பஸ் வந்தது. நான் ஒதுங்கி நின்று, முதலில் ஏறச் சொன்னேன்.

"எப்ப பாத்தாலும் எனக்கு வழி விடுறாய். எனக்கென்ன அவ்வளவு வயசோ?"

"வயசில்லை அக்கா. பதவி."

"விசர்க் கதை," என்றார். ஏறினார். முன்வரிசையில் யன்னலோரம் அமர்ந்து, மோர்கட் மகாராஜாவின் மாமியார் முருங்கைக்காயை மடியில் செங்கோல் மாதிரி நிமிர்த்தி வைத்துக்கொண்டார். பஸ் புறப்பட்டது.